அடிமட்டத்தால் அளந்த தூரம்

வலயக் கல்விப் பணிமனைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு 'வெளிப்படைத்தன்மை' பற்றி ஒரு மணித்தியாலம் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்தச் சொல்லைக் கோப்புகளில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். வாயால் ஒருதரமும் சொன்னதில்லை. ஆகையால் சட்டப் பிரிவுகளை மற்றவர்கள் சொல்லட்டும், நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். பிழையைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்களுக்கு நித்திரை வராது. பேசுகிற எனக்கும் வராது.

எந்த வலயம், எந்தப் பாடசாலை என்று கேட்காதீர்கள். மட்டக்களப்பு வாவிக்குச் சூரியன் உதிக்கிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. எங்கள் பணிமனை இந்தப் பக்கம், கதை அந்தப் பக்கம். அவ்வளவு போதும்.

நான் திட்டமிடல் பிரிவில் முகாமைத்துவ உதவியாளராக இருந்தேன். ஒரு வருடம் சிறிய பாடசாலைகளைப் பக்கத்துப் பாடசாலைகளோடு இணைப்பது பற்றி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் குறைந்துபோன ஆரம்பப் பாடசாலைகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிகக் கிட்டிய பாடசாலையின் பெயரையும் தூரத்தையும் எழுத வேண்டும். இரண்டு கிலோமீற்றருக்குள் இருந்தால் இணைத்துவிடலாம்.

அது கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆசிரியை மூன்று வகுப்புகளை ஒரே அறைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வரிசைக்குக் கணக்கும் மறு வரிசைக்குப் பாட்டும் கொடுத்துவிட்டு மூன்றாவது வரிசைக்கு "சத்தம் போடாதீங்க" என்பதை மட்டும் கொடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சுற்றறிக்கை எங்களுக்குக் கிடைத்தது காலை பத்து மணிக்கு. பட்டியல் போய்ச் சேர வேண்டியது அன்று பின்னேரம் மூன்று மணிக்கு. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இப்படி வரும்.

பிள்ளைகளின் தொகையும் ஆசிரியர் தொகையும் கணினியில் இருந்தன. தூரம் இல்லை. அதிபர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். படுவான்கரையில் வாவியோரம் இருந்த ஒரு சின்னப் பாடசாலையின் அதிபருக்கு மட்டும் அழைப்புப் போகவில்லை. வளவில் நிற்கும் வேம்புக்குக் கீழே போனால்தான் அங்கே சிக்னல் பிடிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மணி இரண்டே முக்கால். சுவரில் தொங்கிய வலய வரைபடத்தின் மேல், பிள்ளைகள் கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்தேன். இந்தப் பாடசாலைப் புள்ளிக்கும் அடுத்த பாடசாலைப் புள்ளிக்கும் இடையில் மூன்று சென்ரிமீற்றரும் கொஞ்சமும். பெருக்கிப் பார்த்தேன். ஒன்று தசம் ஆறு கிலோமீற்றர்.

இரண்டு புள்ளிக்கும் நடுவில் நீல நிறம் இருந்தது. கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். வெயில் பட்டு மங்கின வரைபடம்தானே, எல்லா இடமும் இப்படி நீலம் பாரித்துத்தான் கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டியல் மின்னஞ்சலில் போய்விட்டது. ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடித்தேன். நல்லாக வேலை செய்துவிட்டேன் என்று ஒரு சந்தோசம் வேறு.

இணைப்புக்கு அனுமதி வந்தது. பெற்றோருக்கு 'பகிரங்கமாக அறிவித்தல்' காட்சிப்படுத்தி, ஆட்சேபனை சொல்லப் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அறிவித்தலை நான்தான் ரைப் பண்ணினேன். பணிமனை வாசலுக்கு உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, பூட்டுப் போட்டது. அதற்குள் ஒட்டினோம். அதற்கு முன்னால் போட்டோக் கொப்பித் தாள் வந்த பெட்டிகள் நெஞ்சளவுக்கு அடுக்கியிருந்தன. அந்தப் பாடசாலையிலும் ஒன்று ஒட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பணிமனைக்கு வர அந்த ஊர்ச் சனம் முதலில் தோணி, பிறகு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் படகுப் பாதை, பிறகு பஸ் என்று மூன்று மாறி வர வேண்டும்.

பதினான்கு நாளும் போனது. ஒரு கடிதமும் வரவில்லை. 'பெற்றோரிடமிருந்து ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதினேன். பணிப்பாளர் அதற்குக் கீழே முடிவுக்குக் கையெழுத்து வைத்தார். அந்த வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை பாருங்கள். அதுதான் அதில் உள்ள மோசம்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை கழித்து ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். பெயர் தவமணி. அந்தப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர். கணவரோடு சேர்ந்து ஆற்றில் நண்டுக்கூடு வைக்கிறவர். வாவியை அந்தப் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வார்கள். அவர் வந்த விசயம் வேறு. பாடசாலைக்கு இன்னுமொரு ஆசிரியர் வேண்டும் என்று ஊரார் ஒப்பமிட்ட மனுவைக் கொடுக்க வந்திருந்தார். பணிப்பாளர் கூட்டத்தில் இருந்ததால் காத்திருக்கச் சொன்னோம். காத்திருக்கிற மனிதர் என்ன செய்வார்? சுவரில் உள்ளதை வாசிப்பார். தவமணி பெட்டிகளைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு வாசித்திருக்கிறார்.

"மிஸ், அந்தக் கண்ணாடிக்குள்ள இரிக்கிறது எங்கட பள்ளிக்கூடம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கையில் மனுவைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"ஓம். அறிவித்தல் போட்டிரிக்கம்," என்றேன்.

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயே. இஞ்ச ஒட்டினா ஆத்துக்கு அங்கால இரிக்கிற எங்களுக்கு எப்பிடித் தெரியும்? திகதி முடிஞ்சு மூணு கிழமையாப் போச்சு."

"விதிப்படிதான் ஒட்டியிரிக்கி."

"அப்ப முடிவெடுத்தாச்சா மிஸ்?"

கையெழுத்து வைத்த கோப்பு என் முழங்கைக்குக் கீழே கிடந்தது. அதைத் திறந்து காட்டியிருக்கலாம். 'ஓம், எடுத்தாச்சு' என்றாவது சொல்லியிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள், தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது, இந்த அம்மா அழுவாரோ சத்தம் போடுவாரோ என்றும் தெரியவில்லை. என் வாய் தானாக ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்தது.

"இன்னும் பரிசீலனையில இரிக்கி."

இந்த வசனம் உங்களுக்கும் வரும். கொட்டாவி மாதிரி, தெரியாமலே வரும். அது பொய் என்று யாரும் நிரூபிக்க மாட்டார்கள் என்ற துணிவில்தான் அதைச் சொல்கிறோம்.

தவமணி அழவில்லை, சத்தமும் போடவில்லை. போகிறபோது மட்டும் திரும்பிக் கேட்டார். "ஒண்டு தசம் ஆறு கிலோமீற்றர் எண்டு போட்டிரிக்கி. அத ஆர் மிஸ் அளந்த?"

நான் குனிந்து மேசை லாச்சிக்குள் எதையோ தேடினேன்.

ஒரு கிழமை கழித்து அவர் மறுபடி வந்தார். இந்தமுறை என்னிடம் வரவில்லை, தகவல் கோரிக்கைகளைப் பொறுப்பெடுக்கும் நிசாரின் மேசைக்கு நேராகப் போனார். நிசார் காத்தான்குடிக்காரர், என்னைவிட வயதில் குறைந்தவர், எந்த நெருக்கடியிலும் குரலை உயர்த்தாத மனிதர். தவமணி கொடுத்தது உரிய படிவமல்ல. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். "கேள்வி விளங்குது. பிறகென்ன?" என்றார் நிசார். பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாளை என்னிடம் கொண்டுவந்தார்.

அதில் மூன்று கேள்விகள். முடிவு எடுத்தது யார்? எந்தத் திகதியில்? தூரத்தை அளந்தது எப்படி?

"முதல் ரெண்டுக்கும் பதில் கோப்பில இரிக்கி அக்கா," என்றார் நிசார். "மூணாவத ஆருட்டக் கேக்கிற?"

"எனக்கிட்ட," என்றேன். அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பக்கத்து மேசைக்காரர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். கெட்ட மனிதர் அல்ல, எனக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தார். "இதுக்கு ஏன் யோசிக்கிறீங்க? அதிபர் தொலைபேசியில தந்த தகவலின்படி தூரம் குறிக்கப்பட்டது எண்டு ஒரு தாள் அடிச்சுக் கோப்புக்குள்ள வைங்க. முடிஞ்சுது."

அந்தத் தாளை நான் அடித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். அடித்து, அச்செடுத்து, கோப்பில் கோர்ப்பதற்கு ஓட்டையும் போட்டேன். அந்த அதிபரை ஒருநாளும் கண்டதில்லை. காணாத மனிதரின் தலையில் பாரத்தை ஏற்றுவது எவ்வளவு இலகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நூலைக் கோர்க்கப் போனபோது நிசார் அந்தப் பக்கமாக வந்தார். தாளை வாசித்தார்.

"அக்கா, நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரிக்கிறீங்களா?"

"இல்ல."

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து இந்தத் தாள வைங்க. பதில் குடுக்க இன்னும் நாள் இரிக்கி."

அவ்வளவுதான் சொன்னார். என்னைக் கள்ளி என்று சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கோர்த்திருப்பேன். அவர் எனக்கு ஒரு வேலையைத் தந்துவிட்டுப் போய்விட்டார். கூட வேலை செய்கிறவர் பிழை செய்யப் போகிறபோது எப்படிப் பேசுவது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் நிசாரைத்தான் நினைப்பேன்.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தால் படுவான்கரைக்குப் போனேன். மாரி காலம். இரண்டு நாளுக்கு முன்னர் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்திருந்தார்கள். வயல் வட்டை முழுக்கத் தண்ணீர், எது வயல் எது வரம்பு என்று தெரியவில்லை. பிள்ளைகளை அனுப்பப் போகும் பெரிய பாடசாலைக்கு முதலில் போனேன். வாசலில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அப்பால், கண்டல் பற்றைக்கு மேலே, சின்னப் பாடசாலையின் கூரை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் போல. ஒன்று தசம் ஆறு என்ற என் கணக்கு அச்சொட்டாகச் சரி. அதற்குள் வாவியின் ஒரு கை குறுக்கே நீண்டு கிடந்தது என்பதைத் தவிர.

ஸ்கூட்டியின் தூரமானியைக் குறித்துக்கொண்டு வீதியால் சுற்றிப் போனேன். ஒன்று, மூன்று, ஆறு என்று ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாவது கிலோமீற்றரில் ஒரு தாம்போதி. மழைக்காலத்தில் வெள்ளம் மேலால் பாயட்டும் என்று வீதியைத் தாழ்த்திக் கட்டிய இடம். தண்ணீர் கணுக்காலளவுதான் என்று நினைத்து ஸ்கூட்டியை இறக்கினேன். நடுவில் அது முழங்காலளவு. ஸ்கூட்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. செருப்பில் ஒன்று வயலைப் பார்க்கப் போய்விட்டது. சேலையைத் தூக்கிப் பிடிப்பதா ஸ்கூட்டியைப் பிடிப்பதா என்று தெரியாமல், அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் எப்படி நிற்கக் கூடாதோ அப்படி நின்றேன்.

"மிஸ்! அசையாதீங்க! அந்தப் பக்கம் மடு!"

தவமணி. நண்டுக்கூடு பார்த்துவிட்டு வந்தவர், தோணியைத் தாம்போதியோடு அணைத்தார். அவருடைய கணவர் இறங்கி ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கரையில் நிறுத்தினார். எதற்கு வந்தேன் என்று இருவரும் கேட்கவில்லை. என்னைத் தோணியில் ஏற்றி ஊர்ப்பக்கம் கொண்டுபோனார்கள்.

"இந்தத் தண்ணிக்குள்ளாலயா புள்ளைகள் போகணும்?" என்று கேட்டேன்.

"மாரிக்கு ஆத்தாலதான். காத்தடிச்சா அதுவும் ஏலா," என்றார் தவமணி, தோணி தள்ளும் தாங்குகம்பை ஊன்றியபடியே. "அந்தா அந்த ஓரத்தில ரெண்டு வீடு தெரியுதா? அந்தப் புள்ளைகளுக்கு எங்கட பள்ளிக்கூடத்துக்கும் தோணிதான். போன மாரிக்கு நிண்டதுகள். மழ விட்டு மறுகாப் போகவேயில்ல. நிண்டா நிண்டதுதான். சின்னப் புள்ளைகளுக்கு என்ன, ஆறு மாசத்தில எழுத்தெல்லாம் மறந்துரும்."

அந்த இரண்டு வீட்டையும் பார்த்தேன். எங்கள் கணினியில் அந்தப் பிள்ளைகளுக்கு 'இடைவிலகல்' என்று ஒரு நிரல் உண்டு. அதையும் நான்தான் நிரப்புகிறேன்.

"தவமணி," என்றேன். "அந்தத் தூரத்த அளந்தது நான்தான். இஞ்ச வரல்ல. வரைபடத்தில அடிமட்டத்த வைச்சு அளந்தன்."

அவர் தாங்குகம்பைத் தூக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தோணி மெல்லச் சுற்றியது. கணவர் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்கட அடிமட்டத்துக்கு நீந்தத் தெரியுமாகா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். தோணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அதுவரை மிஸ், மிஸ் என்றே பேசியவர், எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசுகிறபோது போடுகிற 'கா'வை அப்போதுதான் எனக்கும் போட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நனைந்த சேலையில் இருக்கிறவளுக்குச் சிரிப்பதைத் தவிர வேறென்ன வழி?

திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தந்த தாளைக் கிழித்துப் போட்டேன். புதிய தாளில் ஐந்து வரி எழுதினேன். இந்தக் கோப்பில் உள்ள தூரம் வரைபடத்தில் அடிமட்டத்தால் என்னால் அளக்கப்பட்டது; நேரில் சென்று பார்த்ததில் வீதித் தூரம் ஒன்பது கிலோமீற்றருக்கு மேல்; மாரியில் அந்த வீதி தண்ணீருக்குள்; அறிவித்தல் பாடசாலையில் ஒட்டப்படவில்லை. கீழே என் பெயர். பழைய பட்டியலை எடுக்கவில்லை, திருத்தவுமில்லை. அதன் மேல் இதைக் கோர்த்துப் பணிப்பாளரிடம் கொண்டுபோனேன்.

எங்கள் பணிப்பாளருக்கு ஒரு பழக்கம். சிக்கலான விசயம் வந்தால் ஒரு பிளேன்ரீ வரவழைத்து, அதைக் குடித்து முடிக்கும் வரை பேச மாட்டார். அன்று தேநீர்க் கோப்பை பாதியாகும் வரை அந்த ஐந்து வரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், குடித்து முடிக்க முன்னரே வாய் திறந்தார்.

"இது வெளிய போனா ஆர் மாட்டுறதெண்டு தெரியுமா?"

"தெரியும் சேர். நான்."

"நீங்க ரெண்டாவது. முதல்ல நான். கையெழுத்து என்ட." மீதித் தேநீரையும் குடித்து முடித்தார். "நான் இத வாசிக்காம வைச்ச கையெழுத்து. உங்களுக்கு அவசரம், எனக்கு உங்களில நம்பிக்க. ரெண்டும் சேந்து ஒரு பள்ளிக்கூடத்தப் பூட்டப் பாத்திரிக்கி."

கோப்பின் பிரதி முழுவதையும் கொடுக்கும்படி நிசாருக்கு எழுதினார். பிறகு சொன்னார்: "தாளக் குடுத்தாக் காணாது. அவங்க கேக்கிறதுக்கு நாம அங்க போய்ப் பதில் சொல்லணும். நீங்களும் வாறீங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்னப் பாடசாலையின் மண்டபத்தில் கூட்டம். மண்டபம் என்று சொல்வது மரியாதைக்கு. மூன்று வகுப்பறைகளின் தட்டிகளை எடுத்துவிட்டால் அதுதான் மண்டபம். சனம் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் எங்கள் கோப்பின் பிரதி. என் இனிசல் போட்ட பட்டியலை ஒருவர் விசிறியாகப் பாவித்துக்கொண்டிருந்தார். பணிப்பாளர் தனக்குப் போட்டிருந்த கதிரையில் இருக்காமல் எழும்பி நின்றே பேசினார்.

"முடிவெடுத்தது நான். உங்களிட்டக் கேக்காம எடுத்தது பிழை. அறிவித்தல இஞ்ச கொண்டு வந்து ஒட்டியிரிக்கணும், ஒட்டல்ல. அதுவும் எங்கட பிழைதான். அந்த முடிவ இண்டைக்கு ரத்துச் செய்யிறன்."

கொஞ்சம் சத்தம் எழும்பி அடங்கியது. பின்வரிசையில் ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் அவரை இருத்தினார்கள். எனக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது தவமணி எழும்பினார். அவர் பணிப்பாளரைப் பார்க்கவில்லை.

"மிஸ், ஒரு கேள்வி. அண்டைக்கு நான் உங்கட மேசையில வந்து கேக்கக்குள்ள பரிசீலனையில இரிக்கி எண்டு சொன்னீங்க. இந்தக் கோப்பில திகதி வேற மாதிரி இரிக்கி. நான் கேக்கக்குள்ள முடிவெடுத்தாச்சா, இல்லையா?"

தோணியில் அடிமட்டத்தைப் பற்றிச் சொல்வது இலகுவாக இருந்தது. அது அவசரத்தில் நடந்த பிழை, சிரித்துக் கரைக்கலாம். இது அப்படியல்ல. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, நிசாரிடம்கூட. பணிப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த நேரத்தில் நடைமுறை இன்னும் பூர்த்தியாகவில்லை" என்று ஒரு வசனம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நல்ல வசனம். யாரும் அதை உடைத்திருக்க முடியாது.

"எடுத்தாச்சு," என்றேன். "கோப்பு எனக்கு முன்னாலதான் கிடந்தது. உங்களுக்கு நான் பொய் சொன்னன்."

தவமணி சிரிக்கவில்லை. என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. இனிக் கதைப்பம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகுதான் உண்மையான கூட்டம் நடந்தது. இரண்டு மணித்தியாலம். பணிப்பாளர் சனத்துக்கு விருப்பமில்லாததையும் சொன்னார்: கேட்ட ஆசிரியர் இந்த வருடம் வர மாட்டார், அடுத்த வருடமும் வருவாரென்று வாக்குத் தர முடியாது. சனம் எங்களுக்குத் தெரியாததைச் சொன்னது: எந்த மாதத்தில் எந்த இடம் தாழும், எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், காலை பஸ் கால் மணித்தியாலம் முந்தி வந்தால் என்னென்ன மாறும். அந்த வரைபடத்தை நாங்கள் எத்தனையோ வருடம் தொங்கவிட்டிருந்தோம். அதில் இதொன்றும் இருந்ததில்லை.

இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு அறிவித்தல் மறுபடி போட்டோம். பாடசாலைச் சுவரில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, கடையில் ஒன்று. இப்போது நீங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு 'எல்லாருக்கும் அறிவித்தாச்சு' என்று எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேம்புக்குக் கீழே நின்றால்தான் சிக்னல் கிடைக்கிற ஊர்கள் இன்னும் உண்டு. எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியாதவரைக்கும் நீங்கள் ஒட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான், அறிவிக்கவில்லை.

எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. விளக்கம் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் தனிக்கோப்பில் ஏறியது. அது வந்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை, அடுத்த நாள் இறங்கியது. உண்மையைச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். நடக்கும். ஆனால் அந்தத் தாளைக் கோர்த்திருந்தால், அந்த அதிபரை எங்காவது காணும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். பிறகு பழகினேன்.

இரண்டாவது முறை ஆட்சேபனைக் காலம் முடிந்து, பெற்றோர் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் மூன்று வகுப்பும் அங்கேயே இருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் பெரிய பாடசாலைக்குப் போவார்கள். வெள்ளம் வந்தால் அந்த நாட்களில் சின்னப் பாடசாலையிலேயே இருந்து படிப்பார்கள். கையுயர்த்திக் கேட்டபோது போவதற்குச் சம்மதம் என்று முதலில் உயர்ந்த கை தவமணியுடையது. அவருடைய மகள் அந்த வருடம் நான்காம் வகுப்பு.

எனக்கு வியப்பாக இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு கேட்டேவிட்டேன். "இதுக்காகவா இவ்வளவும்? நீங்கதானே பள்ளிக்கூடத்த மூடக் கூடாது எண்டு அலஞ்ச?"

"மூடாதீங்க எண்டு நான் எப்பகா சொன்னன்?" என்றார் தவமணி. "எங்களுக்குச் சொல்லாமச் செய்யாதீங்க எண்டுதான் சொன்னன்."

அடுத்த வருடம் இணைப்பு நடைமுறை பற்றி மேலிடத்திலிருந்து புதிய சுற்றறிக்கை ஒன்று வந்தது. எட்டுப் பக்கம். மூன்று பின்னிணைப்புகள். ஒருவரும் அவசரப்படுத்தாத ஒரு பின்னேரம் இருந்து முழுவதையும் வாசித்தேன். தவமணி சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.